தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கை

"வாத்தியார் தம்பி! இன்னைக்கு எம்மக என்ன செஞ்சா தெரியுமா?"

காலை மணி அடிப்பதற்கு முன்பே இந்தக் குரல் வந்துவிடும். சந்தைத் திடலின் புழுதிக்குள்ளிருந்து முதலில் குரல், அப்புறம் தோளில் கிடக்கும் துண்டு, கடைசியாகத்தான் ஆள். மற்ற தாய்மார்கள் பிள்ளை செய்த சேட்டையை வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். இவர் அதை ஊர் கூட்டிச் சொல்லுவார். ஏதோ பரிசு விழுந்த சேதி மாதிரி மூச்சிரைக்கச் சொல்லுவார்.

"கோழிக் கூட்டத் தொறந்து கோழியை எல்லாம் வெளிய பத்திவிட்டுட்டு, உள்ள போயி இவ உக்காந்துக்கிட்டா தம்பி! ஒரு கோழி வாசல்ல நின்னு உள்ள எட்டி எட்டிப் பாக்குது. அந்தக் கோழி மூஞ்சிய நீங்க பாத்திருக்கணுமே!"

"நீங்க என்ன செஞ்சீங்க அக்கா?"

"நானும் கோழிகூட நின்னு எட்டிப் பாத்தேன்."

நயா பைசா வந்த புதிது அது. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, அய்யலூர்ச் சந்தைத் திடலை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். என் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தாடிக்கொம்புப் பக்கம் கிணறு வெட்டுகிற கூட்டத்தில் மண் கூடை சுமந்தவர். அதனால் படிப்பு என்றால் எனக்கு ஒரு வெறி. என் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளைகூட எழுத்துத் தெரியாமல் திரும்பிப் போகக்கூடாது என்று மனதுக்குள் சபதம் எடுத்திருந்தேன். பயிற்சியில் சொல்லித் தந்த குழந்தை மனநூலை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அதை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த அக்காவின் மகளுக்கென்று அதில் ஒரு பக்கமும் இல்லை.

மகளின் பெயர் செல்லத்தாயி. ஏழு வயது. உட்காரும்போதே ஒரு கால் எழுந்திருக்கத் தயாராக இருக்கும். கரும்பலகையில் நான் 'க' எழுதித் திரும்புவதற்குள் அவள் தண்ணீர்ப் பானையிடம் நிற்பாள். 'கா' எழுதித் திரும்பினால் வெளியே வேப்பமரத்தில் கிளை அசையும். கேள்வி கேட்பாள், பதிலுக்கு நிற்கமாட்டாள். பகல் சாப்பாட்டில் பாதித் தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய், தட்டு எங்கே என்று மற்றவர்களிடம் கேட்பாள். ஆனால் அவள் கெட்ட பிள்ளை இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். நான் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் ஒரு ஓணானோ, தும்பியோ, பக்கத்துப் பையனின் சட்டைப் பொத்தானோ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது முகத்தில் வருத்தம் இருக்கும். அந்த வருத்தத்தையும் அவளால் அதிக நேரம் வைத்திருக்க முடியாது.

அக்காவைச் சந்தையில் எல்லோரும் துண்டுக்காரி என்றுதான் சொன்னார்கள். ஆட்டுத் தரகு பார்த்த ஒரே பெண்பிள்ளை அவர். தரகு அவருடைய வீட்டுக்காரர் செய்த தொழில். அவர் காய்ச்சலில் போன பிறகு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை சந்தைக்கு வந்து நின்றாராம். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆட்டின் பல்லைப் பார்ப்பதிலும் முதுகைத் தடவி எடை சொல்வதிலும் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் அசையும். விலை படிந்தால் முழுக் கையையும் இறுக்கிப் பிடிப்பார்கள். அதோடு முடிந்தது, அப்புறம் பேச்சில்லை. நாள் முழுக்கக் கத்துகிற அந்த அக்கா துண்டு விழுந்த நிமிஷத்தில் ஊமையாகிவிடுவார். கண் எங்கோ மலையைப் பார்க்கும். விரல் மட்டும் பேசும்.

மகளோடும் அவர் அப்படித்தான் பேசினார். நான் அதை முதலில் கவனித்தது பள்ளிக்கூடத்து வாசலில். செல்லத்தாயி குதித்துக்கொண்டிருந்தாள். "இரு, உக்காரு, ஓடாதே" என்று நான் நாலு தடவை சொல்லியிருப்பேன். அக்கா பக்கத்தில் வந்து, மகள் கையைப் பிடித்து, துண்டை மேலே போட்டார். அவ்வளவுதான். குதித்துக்கொண்டிருந்த பிள்ளை நின்றது. நின்றது மட்டுமல்ல, என் முகத்தைப் பார்த்து நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டது.

"எப்படி அக்கா? என்ன செஞ்சீங்க?"

"என்னத்தச் செஞ்சேன்? இவளுக்குக் காதுல போட்டா தங்காது தம்பி. கையில போட்டாச் செத்த நேரம் தங்கும். ஒத்த வெரலப் புடிச்சா 'இரு'ன்னு அர்த்தம். கை முழுசாப் புடிச்சா 'முடிஞ்சிருச்சு, எந்திரி'ன்னு அர்த்தம். அம்புட்டுத்தான்."

"எப்படிப் பிடிக்கணும்? எனக்குக் காட்டுங்களேன்."

அக்கா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வெளிச்சத்துல காட்டப்படாது. துண்டுக்குள்ள உள்ளது துண்டுக்குள்ளயே இருக்கணும்." கையை விட்டதுதான் தாமதம், செல்லத்தாயி திடலின் மறுகோடியில் இருந்தாள்.

இது மந்திரம் இல்லை. கை பிடித்திருக்கும்வரைதான். அக்காவுக்கே அது தெரியும். அதனால் யார் எந்த வைத்தியம் சொன்னாலும் ஓடினார். வத்தலக்குண்டில் ஒருவர் வேர் தந்தார். செல்லத்தாயி அதை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனால் சாந்தமாகிவிடுவாள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனார். மறுநாள் காலை குரல் வந்தது.

"வாத்தியார் தம்பி! அந்த மண்டபத்துல ஆளு ஒசரத்துக்குச் செலையா நிக்குதுல்ல, ஒரு தூணு விடாம ஒளிஞ்சா! சாமி கும்புடப் போயி, பொழுதெல்லாம் சாமிகளுக்கு ஊடால ஓடிப்புடிச்சு வெளையாண்டுட்டு வந்தோம். அய்யரு வந்து, 'ஏம்மா, கண்டுபிடிச்சுட்டியா'ன்னு அவரும் தேடுறாரு!"

"சாந்தமானாளா?"

"நான் ஆயிட்டேன். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு."

ஒரு வியாழக்கிழமை செல்லத்தாயி வகுப்பிலிருந்து நழுவிப்போய், முளைக்குச்சிகளில் கட்டியிருந்த ஆடுகளை வரிசையாக அவிழ்த்துவிட்டாள். சந்தை சந்தையாக இல்லை. வெள்ளாடும் செம்மறியும் கலந்து, பாதி ஆடுகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டன. எங்கள் சுவர் வெறும் சோளத்தட்டைத் தட்டி. ஆடுகளுக்குக் கேட்கவேண்டுமா? நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, சுவரைத் தின்றுகொண்டிருந்தன. அக்கா ஒரு வண்டிமேல் ஏறி நின்று, மகளைப் பக்கத்தில் நிறுத்தி, விரலைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு ஆடு? சொல்லு, அது யாரு ஆடு?" என்று கேட்கக் கேட்க, அவள் கைகாட்டிய ஆளுக்கெல்லாம் ஆடு பிரித்துக் கொடுக்கப்பட்டது. எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். அடுத்த வாரம் ஒரு பெரியவர் கோபமாக ஒரு கிடாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, நான் சந்தைக்குக் கொண்டாந்தது பெட்டை ஆடு. வீட்டுல போயிப் பாத்தாக் கெடாயா நிக்குது!"

"ஒரு வாரம் விருந்தாடி வந்துச்சுன்னு வச்சுக்கங்க அப்பு" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. "புள்ளைய நாலு சாத்துச் சாத்தாம இப்படிக் கொஞ்சிக்கிட்டு நின்னா வெளங்குமா?"

"சாத்திப் பாக்காமயா இருப்பேன்? அடிச்சா அழுதுக்கிட்டே ஓடுறா. அடிக்காட்டிச் சிரிச்சுக்கிட்டே ஓடுறா. ஓட்டம் ஒண்ணுதான்!"

அக்கா சிரிக்காமல் பேசியதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். எங்கள் தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு, "நீ ஆட்டுக்காரிதானே? பட்டியை விட்டு ஓடுற ஆட்டுக்குக் கழுத்துல கட்டை கட்டித் தொங்க விடமாட்டீங்களா? நாங்க படிச்ச காலத்துல பிள்ளைங்க கால்லயும் கட்டை போட்டு வச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாரு" என்றார்.

அக்கா வெளியே வந்தார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஒருக்கா நானும் கட்டுனேன் தம்பி. சந்தைக்கு வந்தாகணும், பாத்துக்க ஆளில்ல. இடுப்புல கயித்தக் கட்டி, தொழுவத்துக் கம்பத்துல நீளமா விட்டு முடிஞ்சு வச்சிட்டு வந்துட்டேன். பொழுது சாயப் போயிப் பாத்தா... கம்பத்தச் சுத்திச் சுத்தி ஓடியிருக்கா. ஓட ஓடக் கயிறு குறுகியிருக்கு. கடைசியில கம்பத்தோட ஒட்டிப்போயிக் கெடக்கா. அசைய எடமில்ல. அழக்கூட இல்ல தம்பி. கண்ண மட்டும் உருட்டுறா. அவுக்கவும் முடியல, முடிச்சு அம்புட்டு இறுகிப்போச்சு. அவளத் தூக்கிக்கிட்டு நான் எதிர்ப்பக்கமாச் சுத்துனேன். அவ எத்தன சுத்துச் சுத்துனாளோ அத்தனையும் நான் சுத்துனேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அன்னைக்குத்தான் மொதமொத அவ வெரலப் புடிச்சேன்" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கல் வந்தது. வருகிற வியாழக்கிழமை, சந்தை நாள். தலைமை ஆசிரியர் அக்காவிடம் தீர்மானமாகச் சொன்னார்: "அன்னைக்கு ஒரு நாள் பிள்ளையை வீட்டுல வச்சுக்க."

"பள்ளிக்கூடத்துல அவ பேரு இருக்குல்ல சாமி? பேரு இருந்தா வருவா."

"வரட்டும். இன்ஸ்பெக்டர் வகுப்புல இருக்கிறபோது அவ ஒரு தடவை எந்திரிச்சா, அந்தப் பேரை அடிச்சுடுவேன். அப்புறம் ஆடு மேய்க்கத்தான் விடணும், சொல்லிட்டேன்."

அக்கா "சரி" என்றார். ஒரே சொல்! அவரிடமிருந்து அப்படி ஒற்றைச் சொல் வந்து நான் கேட்டதில்லை. வெளியே வந்ததும் என் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அவரு எம்புட்டு நேரம் உள்ள இருப்பாரு தம்பி?"

"ஒரு அரை மணி நேரம் இருக்கலாம் அக்கா."

"அரை மணியா! ஆத்தாடி!"

"அன்னைக்கு மட்டும் வீட்டுல இருந்துட்டா என்ன அக்கா?"

"இன்னைக்கு வீட்டுல இருன்னா, நாளைக்கும் இருன்னு சொல்வாங்க. நான் சந்தையில கத்திப் பொழைக்கிறேன் தம்பி. அவ என்னையவிடப் பெருசாக் கத்துவா, அது தெரியுது. கத்துறவ நாலெழுத்துப் படிச்சிட்டுக் கத்தட்டுமே!"

புதன்கிழமை சாயங்காலம் ஆள் வைத்துத் தட்டியில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால், என் வகுப்பின் கோடியில், தரையை ஒட்டி, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. "சந்தை ஆடு தின்னுட்டுது போல சார்" என்றேன் தலைமை ஆசிரியரிடம். எந்த ஆடு, யார் பிடித்துக்கொண்டு நிற்கத் தின்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

செல்லத்தாயியை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவளுடைய வலது கை தட்டிக்கு வெளியே போயிற்று. தட்டையின் இடுக்குகள் வழியாகப் பார்த்தேன். வெளியே கொதிக்கிற வெயிலில் அக்கா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தோளுக்கு ஒன்றாக இரண்டு துண்டு. ஒன்றை மகள் கைமேல் போட்டு மூடியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை. வந்தார், பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். வாய்ப்பாடு கேட்டார், சொன்னார்கள். பாட்டுப் பாடச் சொன்னார், பாடினார்கள். செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள்! ஒரு ஓணான் உத்தரத்தில் ஏறியது. அவள் கண் ஏறியது, ஆள் ஏறவில்லை. வாசலில் ஒரு குட்டியாடு எட்டிப் பார்த்தது, உட்கார்ந்தே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் இருந்து நான் கண்டதே இல்லை. அரை மணி முடிய இன்னும் கொஞ்சம்தான்.

அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதை அக்கா பிறகு சொன்னார். திண்டுக்கல்லிலிருந்து வாராவாரம் லாரி வைத்து ஆடு எடுக்க வருகிற பாய் ஒருவர், அக்காவைத் தவிர வேறு தரகரிடம் கை கொடுக்கமாட்டார். விலை பேசும் நேரமாகியும் அக்காவைக் காணோமே என்று தேடித் தேடி, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, சந்தையை இங்க மாத்திட்டியா?"

அக்கா உதட்டில் விரலை வைத்து, இன்னொரு துண்டை எடுத்து நீட்டினார். விரலில் பேசுகிற வியாபாரத்துக்குச் சத்தம் எதற்கு? பாயும் வெயிலில் குத்தவைத்தார். அக்காவின் இடது கை மகளிடம். வலது கை பாயிடம். இங்கே 'இரு, இரு' என்று ஒற்றை விரல். அங்கே விலை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் படிந்தது. அக்கா வலது கையை இறுக்கிப் பிடித்தார்.

இடது கையும் சேர்ந்து இறுகிவிட்டது.

உள்ளே இன்ஸ்பெக்டர், "மழை எங்கேயிருந்து வருது? யார் சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. திடீரென்று செல்லத்தாயி எழுந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கோ ஒரே மகிழ்ச்சி. "அப்படித்தான்! நீ சொல்லும்மா."

செல்லத்தாயி யோசித்தாள். "எங்காத்தா கையி வேத்துப்போச்சு சார்."

வகுப்பே சிரித்தது. "என்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆத்தா கையி. ஒரே ஈரம்."

அவள் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். தட்டியின் ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்திருந்தது. வளையல் இல்லாத, ஆட்டுக்கயிறு உராய்ந்து காய்த்துப்போன கை. அது தரையைத் தடவித் தடவி, இல்லாத ஒரு சின்னக் கையைத் தேடிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

செல்லத்தாயி வாசலைப் பார்த்தாள். வாசல் திறந்திருந்தது. அந்தக் குட்டியாடு இன்னும் அங்கேயேதான் நின்றது. அவளுடைய ஒரு கால் குதிகால் தூக்கி நின்றது. அப்புறம் அவள் திரும்பி, தன் இடத்துக்குப் போய், உட்கார்ந்து, தேடிக்கொண்டிருந்த கைக்குள் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து வெளியே போயின.

"அவளை உட்காரச் சொன்னது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"யாரும் சொல்லலை சார்."

அவர் குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "சரி. மழை எங்கேயிருந்து வருதுன்னு வேற யாராவது சொல்லுங்க" என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியர் திரும்பி வந்தார். "எந்திரிச்சாள்ல?"

"எந்திரிச்சா சார்! ஆனா தானா உக்காந்தாளே சார்! தானா!" நான் கத்தியது எனக்கே அந்த அக்கா கத்துவதுபோல் கேட்டது. அவர் அந்த மூலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பெயரை அடிக்கவில்லை. மறுபடி தட்டி அடைக்க ஆள் வந்தபோது, "அந்த ஓட்டை கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் சந்தைக்கு ஓடினேன். திடலின் நடுவில் அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். பாய் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நீங்களே கேளுங்க! வெலையை முடிச்சுக் கையை இறுக்கிச்சு. அடுத்த நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டு, 'போச்சு, எந்திரிச்சுட்டா, போச்சு'ன்னு அழுவுது. நான் ஆடுதான் செத்துப்போச்சோன்னு பதறிட்டேன்!" என்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தியார் தம்பி! எம்மக என்ன செஞ்சா தெரியுமா?"

"நான் உள்ளேயேதானே இருந்தேன் அக்கா. பார்த்தேனே! தானா வந்து உக்காந்தா!"

"நீங்க உக்காந்ததத்தான் பாத்தீங்க. கையிக்குள்ள நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. நான் கெடந்து நடுங்குறேன். அவ கைய வச்சா. நான் புடிக்கல தம்பி. அவ புடிச்சா! என் வெரல அவ புடிச்சு 'இரு'ங்கிறா! எனக்குச் சொல்றா, 'இரு'ன்னு!"

சொல்லிக்கொண்டே இரண்டு துண்டையும் தோளிலிருந்து உருவிப் பாய் கையில் திணித்தார். அத்தனை பேர் பார்க்க, அந்தி வெளிச்சத்தில், என் கையை இழுத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்தார்.

"இப்படி."

பலமான பிடி இல்லை. ஏழு வயசுப் பிள்ளை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் பிடித்தார். சந்தையில் யாரும் அதுவரை துண்டு இல்லாமல் பார்த்திராத விரல்கள் அவை. தரகர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் ஏதாவது சொல்வதற்குள் என் விரலை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பாயின் விரலைப் பிடித்தார். அப்புறம் அந்தக் கிடாய்க்காரப் பெரியவரின் விரல். அப்புறம் யார் என்றே தெரியாத ஒருவரின் விரல்.

"இப்படிப் புடிச்சாய்யா! இந்தா, இப்படி!"

குரல் கூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. செல்லத்தாயி அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.